லெஜண்டில் பதினோராவது வரி

போன வாரம் தேநீர் வேளையில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், ஒரு மேப்போட லெஜண்ட்ல அதிகபட்சம் எத்தனை வரி இருக்கலாம்?" அதற்குள் வரைபடம் அச்சிடும் பிளாட்டரில் தாள் சிக்கிவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. இந்த மாதக் கடைசியோடு நான் வேலையிலிருந்து விலகுகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

இந்த மாதத்தில் வேலைக்கு வந்தவர்களுக்காக முதலில் ஒன்று. வரைபடத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும். நீலக் கோடு என்றால் என்ன, பச்சைக் கட்டம் என்றால் என்ன என்று அது சொல்லும். அதுதான் லெஜண்ட். வரைபடத்தில் எல்லோரும் கடைசியாகச் செய்கிற வேலை அது. பார்க்க வருகிறவர் முதலில் படிப்பதும் அதைத்தான்.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அலுவலகம் தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடி. நான்கு கணினிகள், ஒரு பிளாட்டர், ஒரு ஏசி. ஏசி கணினிகளுக்காக, நாங்கள் அதன் நிழலில் பிழைத்தோம். வெளிநாட்டு வேலைகள்தான் அதிகம் வரும். நான் கண்ணால் பார்த்திராத ஒரு நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களை ஏழு மாதம் வரைந்தேன். இன்றைக்கும் அந்த ஊரில் என்னை இறக்கிவிட்டால் வழி கேட்காமல் நடப்பேன், தரைக்குக் கீழே.

லெஜண்ட் விஷயத்தில் எனக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. கோப்பின் பெயர் அப்படியே லெஜண்டில் தெரியக் கூடாது. படிக்கிறவருக்குப் புரியும் பெயராக மாற்றி எழுத வேண்டும். குறியீடுகள் எல்லாம் ஒரே அகலம். எழுத்துகள் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத பொருள் லெஜண்டில் இருக்கக் கூடாது. பார்க்க வருகிறவர் எதைத் தேடுவாரோ அது மேலே. இவற்றை இன்றும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆறாவதாக ஒன்றும் வைத்திருந்தேன். இரண்டு பத்திகள் என்றால் இரண்டிலும் வரிகள் சமமாக இருக்க வேண்டும். அந்த ஆறாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு முறை அதிசயமாக உள்ளூர் வேலை வந்தது. தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் மேலநெடுங்குடி, கீழநெடுங்குடி என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். இரண்டையும் இணைக்கும் சாலையை உயர்த்தி அகலப்படுத்தப் போகிறார்கள். சாலை எந்தெந்த நீர்வழியைக் கடக்கிறது என்று காட்டும் வரைபடம் நாம் செய்து கொடுக்க வேண்டும்.

களத்துக்குப் போய் வந்தவன் ஹாஜா. பேராவூரணிப் பக்கத்துப் பையன், எங்கள் சர்வேயர். டிவிஎஸ் ஐம்பதில் வரப்பு வரப்பாகச் சுற்றி, ஒவ்வொரு நீர்வழிக்கும் ஓர் எண் போட்டுக் கொண்டுவந்தான். ஒன்று என்றால் வாய்க்கால். இரண்டு என்றால் வடிகால். தகவலை ஏற்றிக் கொடுத்த நான்காம் நாள் அவனுக்கு ஷார்ஜா விசா வந்துவிட்டது. அங்கேயும் இதே மேப் வேலைதான். எல்லோருக்கும் பால்கோவா கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு வாய்க்காலும் வடிகாலும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால். வயலில் மிஞ்சியதை வெளியே கொண்டுபோவது வடிகால். வாய்க்காலில் மதகைத் திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். வடிகாலில் வானம் கொடுத்த அளவுக்கு வரும். இதெல்லாம் எனக்கும் ஏட்டில்தான் தெரியும். என் அப்பா பூதலூர் ரயில் நிலையத்தில் எழுத்தராக இருந்தார். வயலை நான் ரயில் ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள்.

ஹாஜாவின் தகவலில் பதினேழு கோடுகளுக்கு மூன்று என்று போட்டிருந்தது. மூன்று என்றால் என்னவென்று எங்கும் குறிப்பு இல்லை. அந்த மூன்றாம் வகையையும் சேர்த்தால் லெஜண்டில் பதினோரு வரிகள் வந்தன. இடது பத்தியில் ஆறு, வலது பத்தியில் ஐந்து. வலது பக்கம் கீழே பல் விழுந்த இடம் மாதிரி ஒரு காலி. இடைவெளியைக் கூட்டிப் பார்த்தேன், எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், நாற்பது நிமிடம் போனது. பிறகு, இது அவசரத்தில் விசாக்காரன் செய்த பிழை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, பதினேழு கோடுகளையும் ஒரே சொடுக்கில் ஒன்று என்று மாற்றினேன். பதினேழும் வாய்க்கால் ஆயின. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து.

மாலை 5.40. நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நெடுங்குடி முடிந்தது. லெஜண்ட் மிக நன்றாக வந்திருக்கிறது." முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்மா" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டேன்.

சித்திரையில் மேலநெடுங்குடிப் பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம். வரைபடத்தை விளக்க சாரும் நானும் போனோம். சாலையை வடிவமைக்கும் இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது, பொறுமையானவர். வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டினோம். ஊரே முதலில் லெஜண்டைத்தான் படித்தது. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கோட்டில் விரல் வைத்தார். ஜெயமணி என்று பெயர். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஏழு மா நிலத்தையும் (மூன்று மா ஓர் ஏக்கர்) தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்.

"இது எங்க வயலுக்குப் பின்னாடி போறதுதானே மேடம்?"

"ஆமாங்க."

"நீலமா இருக்கே?"

"நீலம்னா வாய்க்கால்ங்க" என்று இன்ஜினியர் லெஜண்டைக் காட்டினார்.

"அது வாய்க்கால் இல்ல சார். வடிகால். ஐப்பசியில வந்து பாருங்க, எங்க தெருத் தண்ணி மொத்தமும் அதுலதான் போவும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வடிகால்னு யாரு சொன்னா? எங்களுக்கு அதான் வாய்க்கால்." அவர் கனி பாய். கீழநெடுங்குடியில் மளிகைக் கடை. குத்தகைக்கு நான்கு மா சாகுபடி.

"பாய், நாங்க வடிச்சு விட்ட தண்ணியில நட்டுட்டு, வாய்க்கால்னு பேரா வைக்கிறீங்க?"

"நீ வேணாம்னு விடுற, நான் வேணும்னு வாங்கிக்கிறேன். இதுல உனக்கு என்ன தங்கச்சி நட்டம்?"

கூட்டம் சிரித்தது. இன்ஜினியர் சிரிக்கவில்லை. "மேப்ல வாய்க்கால்னு இருக்கு. வாய்க்காலுக்கு ரோட்டுக்கு அடியில ரெண்டடிக் குழாய். குழாயெல்லாம் வந்து இறங்கிடுச்சு" என்று ஜன்னல் வழியே காட்டினார். மைதானத்தில் சிமென்ட் குழாய்கள் அடுக்கியிருந்தன.

ஜெயமணியின் முகம் மாறியது. "ரெண்டடியா? சார், இப்ப ரோடு தாழ்வா இருக்கு. மழையில தண்ணி ரோட்டு மேலயே ஏறிப் போயிடும். நீங்க ரோட்டை ஒசத்திட்டு அடியில ரெண்டடி ஓட்டை வச்சா அது எங்க போவும்? எங்க வீட்டுக்குள்ளதான். நாப்பது வீடு சார். நட்ட பயிரு அழுவிப் போவும். அவரு சிங்கப்பூர்ல, நான் ஒருத்தி எதைத் தூக்குவேன்? பயிரையா, பானையையா?"

சார் என் பக்கம் சாய்ந்து, "ஹாஜா எடுத்த டேட்டாதானேம்மா. அவன் ஷார்ஜாவுல இருக்கான். அப்படியே சொல்லிடலாம்" என்று கிசுகிசுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றப் பார்த்தார். ஹாஜாவுக்கும் அது ஒருபோதும் தெரிந்திருக்காது. ஆனால் தவறு அவனுடையது என்றால், களத் தகவலே தவறு என்று ஆகிவிடும். மறுபடி அளக்க வேண்டும். அதற்குள் குழாய்கள் மண்ணுக்குள் போய்விடும். தவறு என்னுடையது என்றால், சரியான தகவல் எங்கேயோ இருக்கிறது என்று பொருள்.

எழுந்தேன். "அதை வாய்க்கால்னு மாத்தினது நான்தாங்க. எங்க சர்வேயர் வேற மாதிரிதான் போட்டிருந்தாரு."

"ஏன் மேடம் மாத்தினீங்க?" என்றார் இன்ஜினியர்.

பொய் சொல்லவும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "பெட்டியில பதினோரு வரி வந்துச்சு. பத்தா இருந்தா அழகா இருக்கும்னு..."



"அழகுக்காகவா?" என்றார் கனி பாய்.

ஜெயமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நல்லவேளை பாய். ஒம்பதா இருந்தா இன்னும் அழகுன்னு நெனச்சிருந்தா, உங்க ஊரையே எடுத்திருப்பாங்க!"

பள்ளிக்கூட ஓடு அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரும் என்னை முறைத்துப் பார்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினியர் நாட்காட்டியைப் பார்த்தார். "மேடம், என் டிசைன் நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு மேல கையெழுத்துக்குப் போகுது. அதுக்கு முன்னாடி சரியான மேப் வந்தா மாத்திடறேன். கையெழுத்தாகிட்டா குழாய்தான். அப்புறம் நானே நெனச்சாலும் முடியாது. இந்த மாதிரி மொத்தம் எத்தனை இடம்?"

"பதினேழு."

"ரோடு எத்தனையைக் கடக்குது?"

எனக்குத் தெரியவில்லை. பழைய எண்களின் மேலேயே புதியதை எழுதிச் சேமித்திருந்தேன். நகல் வைக்கவில்லை. அன்றிலிருந்து நகல் எடுக்காமல் எந்தக் கோப்பையும் நான் தொட்டதில்லை.

சார் பேருந்து ஏறினார். நான் தங்கிவிட்டேன். ஜெயமணி ஒரு குடையைக் கொடுத்தார். கனி பாயும் கூட வந்தார், நடுவில் ஏதாவது அநியாயம் நடந்துவிடக் கூடாது என்று. மூவரும் அந்த நீர்வழியின் காய்ந்த படுகையிலேயே நடந்தோம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வடிகால் எந்த இடத்தில் முடிகிறது, வாய்க்கால் எந்த இடத்தில் தொடங்குகிறது? அந்தப் புள்ளி கிடைத்தால் மேலே வடிகாலின் பழுப்பு, கீழே வாய்க்காலின் நீலம். பத்து வரிகளும் பத்திரமாக இருக்கும். ஆம், அப்போதும் எனக்குப் பத்து வரி ஆசை போகவில்லை.

"இங்க முடியுது" என்று ஜெயமணி ஒரு வேலங்கன்றைக் காட்டினார்.

"இங்கயா? அதுக்கு முன்னாடியே எங்களுது ஆரம்பிச்சுடுது" என்று கனி பாய் முப்பதடி பின்னால் போய் நின்றார்.

"அது எங்க ஊரு எல்லை பாய்!"

"நிலம் உங்க ஊரு. தண்ணி என்னுது."

"மேடம், எழுதிக்குங்க. எங்க ஊருக்குள்ள வந்து தண்ணிக்குப் பட்டா கேக்குறாரு."

நான் இருவருக்கும் நடுவே டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கனி பாய் இன்னும் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய், படுகையின் இரு கரைகளிலும் ஒட்டிக்கொண்டிருந்த மண்ணையும் மக்கிப்போன தென்னை மட்டைகளையும் காட்டினார். "இதான் கொரம்பு. மழை நின்னதும் குறுக்க மண்ணையும் மட்டையையும் போட்டு அடைச்சுடுவோம். தண்ணி ஏறி எங்க வயலுக்குத் திரும்பிடும். தையில கதிரு பால் பிடிக்கிறப்ப இந்தத் தண்ணிதான் எங்களுக்கு."

"மழை பெய்யறப்ப?"

"அப்ப நான் ஏன் அடைக்கப்போறேன்? தங்கச்சி வீடு முழுகிடும்ல? ஐப்பசி பொறந்தா நானே வெட்டி விட்டுருவேன்."

ஜெயமணி ஒப்புக்கொண்டார். "வெட்டி விட்டுருவாரு. கேக்காமயே வெட்டுவாரு. மத்ததுலதான் வம்பு."

அங்கேதான் எனக்குப் புரிந்தது. நான் தேடிய புள்ளி தரையில் இல்லை. அதே படுகை மழைக்காலத்தில் மேலூருக்கு வடிகால். மழை நின்றதும் கீழூருக்கு வாய்க்கால்.

மறுநாள் காலை 8.30க்கு சார் தானே ஷார்ஜாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"அக்கா! சாப்பிட்டீங்களா?"

"ஹாஜா, நெடுங்குடியில பதினேழு கோட்டுக்கு மூணுன்னு போட்டியே, அது என்னப்பா?"

"ரெண்டும்தான்க்கா. ஒண்ணையும் ரெண்டையும் கூட்டினா மூணு."

"அதை ஒரு ஓரமா எழுதி வச்சிருக்கலாம்ல?"

"நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்க்கா."

களத் தாள்கள் பீரோவின் கீழ்த்தட்டில், ஒரு புடவைக் கடை அட்டைப் பெட்டியில் இருப்பதாகச் சொன்னான். இருந்தன. பதினேழும் பென்சிலில், அவனுடைய சாய்ந்த கையெழுத்தில். பதினொரு மணிக்குள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். சாலை அவற்றில் மூன்றைக் கடந்தது.

இரு நிறக் கோடு அன்றைய மென்பொருளில் கிடையாது. அதனால் அதே கோட்டை இரண்டு முறை போட்டேன்: அடியில் முழு நீலம், மேலே விட்டுவிட்டுப் பழுப்பு. பார்க்கவும் நன்றாகவே இருந்தது. சிக்கல் பெயரில் வந்தது. சிங்கப்பூர்ப் பேச்சுக்காக ஜெயமணி வீட்டில் போன் இருந்தது. கூப்பிட்டு, "வடிகால் மற்றும் வாய்க்கால்" என்று போடலாமா என்று கேட்டேன். அவருக்குச் சம்மதம். அரை மணி கழித்துக் கீழநெடுங்குடியிலிருந்து கனி பாய் கூப்பிட்டார். "வாய்க்கால் மற்றும் வடிகால்னு போடுங்க மேடம். அவங்க பேரு முன்னாடி வந்தா நாளைக்கு ஒரு பேச்சாயிடும்." திரும்ப ஜெயமணி. திரும்ப கனி பாய். நான்காவது அழைப்பில், யாருக்கு எது முதலில் என்பதை விட்டுவிட்டு, எப்போது எது என்று எழுதினேன்: "மழையில் வடிகால், வெயிலில் வாய்க்கால்". இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். இருவருமே, "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்கள்.

அந்த வரி பெட்டிக்குள் அடங்கவில்லை. "நீளுதேம்மா" என்றார் சார். இரண்டு பத்திகளைக் கலைத்து ஒரே பத்தியாக்கினேன். பதினோரு வரிகள், புடலங்காய் மாதிரி ஓரத்தில் தொங்கின. பெட்டிக்கு இடம் விட வடக்கு அம்புக்குறியை மூலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் நான் வெளியே அனுப்பிய மிக அசிங்கமான லெஜண்ட் அது.

மூன்றாம் நாள் காலை 9.10க்குப் பேருந்து நிலையம் அருகே இன்ஜினியர் தங்கியிருந்த லாட்ஜில் தாளை விரித்தேன். அவர் அந்த வரியை வாய்விட்டு இரண்டு முறை படித்தார். "எங்க மேலதிகாரிங்களுக்குப் புரியவைக்க ஒரு பக்கம் எழுதணும்னு நெனச்சேன் மேடம். இதுவே போதும்" என்று சொல்லிவிட்டு, மூன்று இடங்களிலும் குழாய் என்பதை அடித்துவிட்டு, ஆறடி அகலக் கான்கிரீட் பெட்டி மதகு என்று சிவப்பு மையில் எழுதினார். பத்து மணிக்கு அது கையெழுத்துக்குப் போயிற்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எத்தனை வரி என்று தாள் முடிவு செய்யக் கூடாது. தரை முடிவு செய்யட்டும். நீங்கள் கெட்டிக்காரர்கள், என்னைவிட வேகமானவர்கள். உங்கள் மென்பொருள் பத்தியைத் தானே சமமாக்கிக் கொடுக்கிறது. அது வசதிதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஒழுங்குக்குள் அடங்காமல் ஒரு வரி துருத்திக்கொண்டு நின்றால், அதை அழிப்பதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். அந்த வரி வெயிலில் நடந்து போய்க் கொண்டுவந்ததாக இருக்கலாம். தவறு செய்துவிட்டால் கூட்டத்திலேயே, முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஐந்து மாதம் கழித்துச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

சாலையும் மதகுகளும் ஆடிக்குள் முடிந்தன. அந்த ஐப்பசியில் மழை விடாமல் மூன்று நாள் அடித்தது. தஞ்சாவூரில் மருந்துக் கடை வாசல்வரை தண்ணீர். நான் வேலை ஓடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் வரைந்ததற்காக ஒருநாளும் நான் அப்படிப் பயந்ததில்லை. மூன்றாம் நாள் காலை அலுவலகப் போன் அடித்தது.

"அக்கா, ஜெயமணி பேசறேன்." முதல் முறையாக அக்கா என்றார். "அவரு சிங்கப்பூர்லேருந்து கார்ட்லெஸ் போன் கொண்டாந்தாரு. அதை எடுத்துக்கிட்டுக் கொல்லைக்கு வந்திருக்கேன். இருங்க, தண்ணிப் பக்கமா நீட்டுறேன். கேக்குதா?"

முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியில் கனமாக, நிற்காமல் ஓடுகிற இன்னொரு சத்தம். போனை சாரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மதகுல முக்கால் உசரத்துக்குத்தான் தண்ணி போவுது அக்கா. தெருவுல கணுக்கால் அளவுகூட இல்ல. பயிரு தலையாட்டிக்கிட்டு நிக்குது."

"கனி பாய் கொரம்பை வெட்டிட்டாரா?"

"முந்தாநாளே வெட்டிட்டாரு. இப்ப மதகு மேல குடையோட நின்னுக்கிட்டு என்னைத் திட்டுறாரு. நீங்களே கேளுங்க."

மழைக்கு மேலே, தண்ணீருக்கு மேலே, தூரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது:

"மேடத்துக்கிட்ட சொல்லு தங்கச்சி! இப்ப வடிகாலு, சரி, எல்லாத்தையும் விடு. தையில நான் வந்து கேக்குறப்ப வாய்க்கால் இல்லேன்னு மட்டும் சொல்லிடாதே! மேப்புல எழுதியிருக்கு!"